இசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது: பேனிக் அட்டாக்கை எப்படிக் கையாள்வது?

கேள்வி: திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. எமர்ஜென்சிக்குப் போனால் இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது. மூச்சை ஆழமாக இழுத்து விட்டுப் பார்த்தால் இன்னும் கூடுகிறது. என்னதான் செய்வது?

பதில்:

"ஒன்றுமில்லை" என்பது பாதிப் பதில். இதயத்தில் கோளாறு இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்வது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று பொங்கும் பீதி, போலத் தெரிகிறது. நீங்கள் உணர்ந்த படபடப்பும் மரமரப்பும் கற்பனை அல்ல, உண்மையாகவே உடம்பில் நடந்தவை. அவை எப்படி நடந்தன என்று யாரும் உட்கார்ந்து விளக்காததால்தான் அடுத்த முறை வரும்போதும் அதே பயம் வருகிறது. கேள்வியின் கடைசி வரியில் முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது. ஆழமாக மூச்சு இழுத்தால் கூடுகிறது என்கிறீர்கள். கூடத்தான் செய்யும்.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, அதனால் கை கால் சில்லிடுகிறது. செரிமானம் நின்று வயிற்றைப் புரட்டுகிறது, வியர்க்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. ஆனால் நீங்கள் ஓடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடுவதற்கென்று கூடிய மூச்சு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் அது சரிகிறது. அது 1 மி.மீ. குறைந்தாலே மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சுமார் 2 முதல் 4 சதவீதம் குறைகிறது. கிறுகிறுப்பு, பார்வை மங்கல், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாத மாதிரித் தோன்றுவது எல்லாம் இதன் விளைவுகள். கூடவே ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, செயல்படும் நிலையிலுள்ள கால்சியம் குறைவதால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போலிருக்கும். ரொம்ப நேரம் போனால் விரல்கள் இறுகி மடங்கிக்கொள்ளும். இத்தனை நடக்கும்போதும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் பெரும்பாலும் 97க்கு மேல்தான் காட்டும். ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. மூச்சு போதவில்லை என்ற உணர்வு வருவதற்குக் காரணம், ஏற்கெனவே நிரம்பிய நுரையீரலின் மேல் இன்னும் இன்னும் இழுப்பது. நெஞ்சுத் தசைகள் விரிந்தே நின்று களைத்து வலிக்கின்றன. அந்த நேரத்தில் "நல்லா மூச்சை இழுத்து விடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால், நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் இறங்குகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் 2, 3 நிமிடங்களில் பாதியாகிவிடும். பேனிக் அட்டாக் பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரைமணி நேரத்துக்குள் வடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் கரைகிற பொருள் ஏன் அரைமணி நேரம் ஆட்டிவைக்கிறது? "ஐயோ, ஹார்ட் அட்டாக்" என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த தவணை இறங்குவதால்தான். படபடப்பு பயத்தைக் கிளப்புகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது. இந்தச் சுழலை 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க் தெளிவாக எழுதிவைத்தார்: உடம்பில் எழும் சாதாரண உணர்வைப் பேராபத்தாகப் புரிந்துகொள்வதே பீதியின் மையம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, இங்கே இருட்டு உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே படபடப்பை ஒழிப்பதைக் குறியாக வைக்காதீர்கள். படபடப்பு வந்தாலும் பயம் வராத நிலைக்குப் பழகுவதுதான் சிகிச்சை. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் உடம்பை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை தாழ்வது, இதயத் துடிப்பின் லயக் கோளாறுகள், ஆஸ்துமா, உள்காது பிரச்சினை, சிலவகை வலிப்பு ஆகியவை பீதி போலவே வேஷம் போடும். ஆஸ்துமா இன்ஹேலர், மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, கஞ்சா, குடியைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவையும் படபடப்பைக் கிளப்பும். இசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகிய நான்கும் பெரும்பாலோருக்குப் போதும். துடிப்பு சுவிட்ச் போட்டது போல ஒரே நொடியில் 150க்கு மேல் தாவி, அதேபோல் ஒரே நொடியில் நின்றால், மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். அது லயக் கோளாறாக இருக்கலாம். 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவைக்கும் ஹோல்டர் கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள்.

நெஞ்சை அழுத்திப் பிழிவது போன்ற வலி, தாடை, தோள், இடதுகை, முதுகுக்குப் பரவும் வலி, மாடி ஏறினால் வந்து உட்கார்ந்தால் அடங்கும் வலி, உண்மையிலேயே நினைவு தப்புவது, ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமாவது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும், முன்பு எத்தனை முறை பேனிக் அட்டாக் வந்திருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். முதல் முறையாக நெஞ்சுவலி வருபவருக்கும் அதுவே விதி. இது எதுவுமில்லாமல், பரிசோதனைகளும் சரியாக இருந்து, அதே பழைய வரிசையில் அதே உணர்வுகள் வந்தால், ஐந்தாவது இசிஜி உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு இசிஜியும் ஒருநாள் நிம்மதி தரும், பிறகு "அன்று நார்மல், இன்று?" என்ற கேள்வியைக் கொண்டுவரும்.

இனி அட்டாக் வரும் நேரம். ஓடாதீர்கள், இருக்கும் இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். "இது பேனிக் அட்டாக், இதற்கு முன்பும் வந்து போயிருக்கிறது, உச்சம் 10 நிமிடம்" என்று வாய்விட்டோ மனதுக்குள்ளோ சொல்லிக்கொள்ளுங்கள். தோள்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கிய பற்களை விடுங்கள், வாயை மூடுங்கள். அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பதை முழுதாக வெளியே விடுங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். பிறகு மூக்கு வழியாக, வயிறு லேசாக எழும் அளவுக்குச் சின்னதாக 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 4 எண்ண முடியவில்லை என்றால் 3க்கு 4 என்று தொடங்குங்கள். அளவு பெரிதாக இருக்கக்கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கு நீங்கள் மூச்சு விடுவதே தெரியக்கூடாது, அவ்வளவு சிறிய மூச்சு. முதல் ஓரிரு நிமிடம் "காற்று போதவில்லை" என்று உடம்பு கெஞ்சும். கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெருமூச்சு விட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

காகிதப் பைக்குள் மூச்சு விடுவது பழைய வைத்தியம், இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையில் மாரடைப்போ ஆஸ்துமாவோ இருந்தால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

மூச்சு சீரான பிறகு கவனத்தை வெளியே கொண்டுவாருங்கள். பாதம் தரையில் பதிவது, கையில் இருக்கும் பொருளின் சொரசொரப்பு, எதிரே சுவரில் இருக்கும் எழுத்து. செய்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்தில் கையில் எடுங்கள், அரைகுறையாகச் செய்தாலும் போதும். நேரம் பார்க்க வேண்டாம், நாடி பிடிக்க வேண்டாம்.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. "மூச்சுப் பயிற்சி செய்தேன், அட்டாக் நிற்கவில்லை" என்று பலர் சொல்வார்கள். அட்டாக்கை அடித்து விரட்டும் ஆயுதமாக மூச்சைப் பிடித்தால், நின்றதா நின்றதா என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தப் பார்வையே அடுத்த தவணைக்கு வழி. மூச்சைச் சீராக்குவது உடம்பின் ரசாயனத்தைச் சரிசெய்யத்தான். மீதிப் படபடப்பை, "இருந்துவிட்டுப் போ" என்று விட்டுவிட வேண்டும். சொல்வது சுலபம், செய்வதற்கு வாரக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

நான்கு பயங்களுக்கு நேரடிப் பதில். மயங்கி விழுவேனா? மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும், பீதியில் அது ஏறுகிறது. கிறுகிறுப்பு நிஜம், விழுவது அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குபவர்கள் விதிவிலக்கு, அவர்களுக்குப் பயிற்சியே வேறு. மூச்சு நின்றுவிடுமா? மூச்சை இயக்குவது மூளைத்தண்டு, உங்கள் கவனம் தேவையில்லை. இதயம் வெடித்துவிடுமா? ஆரோக்கியமான இதயம் இதைவிட அதிக வேகத்தில் உடற்பயிற்சியின்போது ஓடுகிறது. பைத்தியம் பிடிக்குமா? சுற்றியிருப்பதே கனவு போலத் தெரிவது பயமுறுத்தும் அனுபவம்தான், ஆனால் "எனக்கு ஏதோ ஆகிறது" என்று தெரிந்துகொண்டே இருக்கிறீர்கள் அல்லவா? அது மனப்பிறழ்வுக்கான பாதை அல்ல.

அட்டாக் இல்லாத நாட்களில் செய்வதுதான் பலன் தரும் வேலை. முதலில் உங்கள் ஊன்றுகோல்களைக் கண்டுபிடியுங்கள். எப்போதும் தண்ணீர் பாட்டில், பையில் ஒரு மாத்திரை, கதவோரம் மட்டும் உட்காருவது, துணை இல்லாமல் வெளியே போகாதது, வாட்ச்சில் துடிப்பைப் பார்ப்பது, நள்ளிரவில் அறிகுறிகளைத் தேடிப் படிப்பது. எல்லாமே அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். ஆனால் "பாட்டில் இருந்ததால்தான் பிழைத்தேன்" என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பயம் பொய் என்று தெரியவரும் வாய்ப்பு நழுவுகிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் வீசத் தேவையில்லை, வாரத்துக்கு ஒன்றாக விடுங்கள். துடிப்பு காட்டும் வாட்ச்சிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன்.

அடுத்தது, பயமுறுத்தும் உணர்வை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சி. கேட்கவே கொடுமையாக இருக்கும், ஆனால் பேனிக்குக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு முறை) சிகிச்சையின் முதுகெலும்பே இதுதான். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்துப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. மற்றவர்களும் முதல் சில முறை சிகிச்சையாளர் முன்னால் செய்வது நல்லது. படபடப்புக்குப் பயமென்றால் இருந்த இடத்திலேயே 1 நிமிடம் வேகமாக ஓடுங்கள். தலைச்சுற்றலுக்குப் பயமென்றால் சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுங்கள். மூச்சுமுட்டலுக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக 1 நிமிடம் மூச்சு விடுங்கள். மரமரப்புக்கு, 1 நிமிடம் வேகவேகமாக ஆழ்ந்த மூச்சு. எதுவும் நிஜமில்லை என்ற உணர்வுக்கு, கண்ணாடியில் உங்கள் முகத்தை 2 நிமிடம் கண்கொட்டாமல் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: "சுற்றி முடித்ததும் மயங்கி விழுவேன், 70 சதவீதம் நம்புகிறேன்." முடித்ததும் நடந்ததை எழுதுங்கள்: "சுவர் ஆடியது, குமட்டியது, 40 நொடியில் அடங்கியது, விழவில்லை." பயத்துக்கு 10க்கு எத்தனை மதிப்பெண் என்றும் குறியுங்கள். முதல் சுற்றில் 8 வந்தால் உணர்வு அடங்கியதும் மறுபடி செய்யுங்கள், ஒரு அமர்வுக்கு 4, 5 முறை. மதிப்பெண் 2க்கு வரும் வரை அதே பயிற்சியை நாள்தோறும் தொடருங்கள். தலைச்சுற்று அப்படியே இருக்கும், பயம் மட்டும் இறங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் தேடுகிறோம். பயிற்சி முடிந்த உடனேயே 4க்கு 6 மூச்சுக்குத் தாவுவது பெரிய தவறு, பயிற்சியின் பலனை அது தின்றுவிடும். உணர்வு தானாக வடியட்டும்.

போகப் பயப்படும் இடங்களுக்கும் இதே முறைதான். லிஃப்ட் என்றால், கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது, துணையோடு ஒரு மாடி, தனியாக ஒரு மாடி, தனியாகக் கடைசி மாடி வரை என்று ஏணிப்படி போடுங்கள். 10க்கு 4 பயம் தரும் படியில் ஆரம்பியுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால் "தப்பித்தேன்" என்ற பாடம்தான் பதியும். பயம் இறங்கத் தொடங்கிய பிறகு வெளியே வாருங்கள். வாரம் ஒருமுறை போவதைவிட வாரத்தில் 4, 5 நாள் போவது மேல்.

தூக்கத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுவது தனியாகக் கேட்கப்படுவது. இது கெட்ட கனவால் வருவதல்ல, கனவில்லாத தூக்கத்திலிருந்துதான் வருகிறது. எழுந்து உட்கார்ந்து, பகலில் செய்வதையே செய்யுங்கள். விளக்கையெல்லாம் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து தேவையா என்றால், பலருக்கு சிபிடி மட்டுமே போதும். அட்டாக் அடிக்கடி வந்து வேலைக்கே போக முடியாத நிலை, கூடவே மனச்சோர்வு, அல்லது நல்ல சிகிச்சையாளர் கிடைக்காத நிலை என்றால் மருந்து நியாயமான வழி. முதலில் தருவது செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்துகள். பேனிக் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவில், செர்ட்ராலின் 25 மி.கி., எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். காரணம், முதல் 1, 2 வாரம் இதே மருந்து படபடப்பைக் கொஞ்சம் கூட்டும். இதைச் சொல்லாமல் எழுதிக்கொடுத்தால் நோயாளி நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும், சரியான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

பதற்றத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும் மாத்திரைகளான அல்பிரசோலம், குளோனசிபாம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அட்டாக் வந்ததும் விழுங்கும் அல்பிரசோலம் வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி நேரம் எடுக்கும். அதற்குள் அட்டாக் தானாகவே வடிந்திருக்கும். பெயர் மாத்திரைக்குப் போகும், அடுத்த முறை மாத்திரை இல்லாமல் வெளியே போக முடியாது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். ஏற்கெனவே நாள்பட எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் மெல்லக் குறைப்பார். புரோபிரனலால் துடிப்பை மட்டும் அடக்கும், ஆஸ்துமாக்காரர்கள் தொடவே கூடாது.

காபியைக் குறையுங்கள், பேனிக் உள்ளவர்களுக்கு காஃபின் அட்டாக்கையே கிளப்பக்கூடியது. உடலில் அது பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆவதால் மதியத்துக்குப் பிறகு வேண்டாம். சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள், தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். பதற்றத்துக்காகக் குடிப்பவர்களுக்கு மறுநாள் காலை இரட்டிப்பாக வரும்.

அட்டாக் இல்லாமல் நாள் முழுக்க ஏதாவது ஒரு கவலை ஓடிக்கொண்டே இருப்பது வேறு வகை. 6 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் அப்படி இருந்து, தசை இறுக்கம், எரிச்சல், தூக்கமின்மை சேர்ந்தால் பொதுப் பதற்றக் கோளாறு என்பார்கள். ஜிஏடி-7 என்ற 7 கேள்விப் படிவம் இதை அளக்கும். 21க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். கவலைக்கென்று தினமும் மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதைத் தாளில் குறித்து அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுவது இந்த வகைக்கு நன்றாக வேலை செய்யும்.

பக்கத்தில் இருப்பவர்கள் "பயப்படாதே", "ஒன்றுமில்லை" என்று சொல்வதை விட்டு, "நான் இருக்கேன், அவசரமில்லை, மூச்சை முதலில் வெளியே விடு" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். சுற்றிக் கூட்டம் கூட விடாதீர்கள், முதுகைத் தேய்ப்பதற்கு முன் கேளுங்கள். எல்லா இடத்துக்கும் கூடவே போய் வருவது அன்புதான், ஆனால் நீங்களே அவருடைய ஊன்றுகோல் ஆகிவிடுவீர்கள்.

மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்கப் போகும் முன் 2 வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முதலில் வந்த உணர்வு எது, அப்போது மனதில் ஓடிய வாக்கியம் எது, என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது. சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் எடுத்துப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் 2 வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.